தடுத்தால்தான் வழி

வெளியூர்க்காரங்க ஸ்கார்பெக்குக்கு வந்தா முதல்லே சிரிக்கிறது இதுக்குத்தான். மாளிகைத் தோப்போட இரும்புக் கதவு பகல் பூரா ஆன்னு திறந்து கிடக்கும். நாங்க அதுக்குப் பத்தடி தள்ளி, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தலையுயரக் கல் சுவரை ஏறி அந்தப் பக்கம் இறங்குவோம். திரும்பி வரும்போது நெறை வாளியை ஒருத்தி மேலே தூக்கிக் கொடுக்க, இன்னொருத்தி வாங்கி இந்தப் பக்கம் இறக்குவா. வாயும் வயிறுமா இருக்கிறவளும் அப்படித்தான். கதவு வழியா ஒருத்தியும் போக மாட்டா.

போன கோடையிலே சைக்கிள்லே வந்த ரெண்டு வாலிபனுங்க நின்னு வேடிக்கை பார்த்தானுங்க. ஒருத்தன் சட்டம் படிக்கிறவனாம். "அம்மா, கதவு திறந்துதானே இருக்கு?"ன்னான்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது"ன்னேன்.

எங்க ஊர்லே மூத்தவ பெக்கி சண்டரோட மருமக வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம காரணத்தைச் சொல்லித் தொலைச்சா. அவன் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அப்படி ஒரு சட்டமே இங்கிலாந்துலே எங்கேயும் கிடையாதும்மா. யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க"ன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு வாளித் தண்ணியை அவன் தலையிலே கொட்டியிருப்பேன். அந்தத் தண்ணியை வீணாக்க மனசு வரலை, அவ்வளவுதான்.

சட்டம் இல்லையாம்! இல்லாட்டிப் போகட்டும். இந்தப் பள்ளத்தாக்குலே எந்தக் கொல்லனும் அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட மாட்டேன்னுட்டான். எந்தக் காவக்காரனும் அந்த வழியை மறிச்சு நிக்க மாட்டேன்னுட்டான். அது எங்களுக்குப் போதும்.

ஸ்கார்பெக்குன்னா மொத்தமே ஒரு தெரு. மேலே ஒரு சாராயக்கடை, கீழே ஒரு பாலம், நடுவுலே நாங்க. எங்க ஊர்க்காரங்க வாயிலே முதல்லே வர்ற வார்த்தை "மாட்டேன்". கல்யாணத்துக்குக் கேட்டாலும் முதல்லே மாட்டேன்தான், அப்புறம்தான் பாதிரியார். எங்களுக்குச் சொந்தமா சர்ச் கிடையாது. சர்ச் மேட்டு மேலே இருக்கு. ஊருக்கும் சர்ச்சுக்கும் நடுவுலே மாளிகைத் தோப்பு. தோப்புக்குள்ளே, மேடு ஏறுற இடத்துலே, மாதா ஊத்து. எந்த வெயிலுக்கும் அது வத்தினதில்லை. பாறைக்குள்ளேருந்து வர்ற தண்ணி, பல்லு கூசும்.

பழைய எசமான் குடும்பம் எங்களைத் தண்ணி எடுக்க விட்டாங்க. ஆனா சும்மா இல்லை. வருஷா வருஷம் பிப்ரவரியிலே, மெழுகுவர்த்தித் திருநாளுக்கு, ஊர்லே மூத்த பொம்பளை ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய் மாளிகை அடுப்படியிலே வெச்சு, "எசமான் உத்தரவுலே எடுக்கறோம்"னு சொல்லிட்டு வரணும். உத்தரவு வாங்கி எடுக்கிறவன் விருந்தாளி. விருந்தாளியை எப்போ வேணாலும் போகச் சொல்லலாம். இது அவங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒண்ணே ஒண்ணுக்குத்தான் அவங்க ஒத்துக்கலை. பிணம் தோப்புக்குள்ளே வரக் கூடாது. ஏன்னா, யாரோட உத்தரவும் இல்லாம ஒரு பிணத்தை ஒரு நிலத்து வழியா எடுத்துட்டுப் போயிட்டா, அன்னையிலேருந்து அது ஊருக்குப் பொது வழி. மகாராணியே வந்தாலும் அடைக்க முடியாது. எங்க பக்கத்துலே பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். அதனாலே எங்க ஊர்ச் சாவெல்லாம் வண்டிப் பாதையிலே மலையைச் சுத்தித்தான் சர்ச்சுக்குப் போச்சு. மழையிலேயும் பனியிலேயும் சவப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு, மதில் கணக்கா நிக்கிற தோப்பைப் பார்த்துக்கிட்டே சுத்திப் போனோம். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் பழைய குடும்பம் நொடிச்சுப் போச்சு. ஹோல்ராய்ட் வந்தார். நகரத்துலே கம்பளி ஆலை வெச்சிருக்கிற மனுஷன். வேட்டைக்குக் காட்டுக்கோழி வளர்க்கணும்னு தோப்பைச் சுத்தி சுவர் எழுப்பி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார். அந்த வருஷம் பெக்கி வழக்கப்படி மெழுகுவர்த்தி கொண்டு போனா. அவரோட காரியஸ்தன் லம்ப், "இங்கே விளக்கு நெறைய இருக்கு அம்மா, நீயே வெச்சுக்கோ"ன்னு சிரிச்சு அனுப்பிட்டான். பெக்கி அந்த மெழுகுவர்த்தியை வீட்டு ஜன்னல்லே வெச்சா, ஏத்தவே இல்லை.

ஹோல்ராய்ட் கெட்டவர்னும் சொல்ல முடியாது. கெட்டவரா இருந்தா வாயாரத் திட்டிட்டாவது போயிருக்கலாம். ஊத்துக்குப் பதிலா தெருவுலே ஒரு கைப்பம்பு போட்டுக் கொடுத்தார். அதுலே அவர் பேரை இரும்பிலே வார்த்து ஒட்டியிருந்தது. சாராயக்கடை மாட்டுக் கொட்டகைக்குக் கீழ்ச் சரிவுலே கொண்டுபோய்த் தோண்டினாங்க. "சாணித் தண்ணி ஊறும், அங்கே வேண்டாம்"னு சொன்னோம். யார் கேட்டா?

மகாராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆச்சுன்னு மலை உச்சியிலே தீ மூட்டி ஆடினோமே, அந்தக் கோடைதான் எங்க குடியைக் கெடுத்தது. தீ அணைஞ்சதுக்கப்புறம் ஒரு மழை இல்லை. ஓடை வத்தி, குட்டையாகி, குட்டையும் பாசி பிடிச்சுப் போச்சு. கைப்பம்புலே வந்த தண்ணி முதல்லே மஞ்சளாச்சு, அப்புறம் நாத்தம் எடுத்தது. ஜூலை மாசம் முடியறதுக்குள்ளே வீட்டுக்கு வீடு விஷக் காய்ச்சல். டவுன்லேருந்து வந்த டாக்டர் பம்பை மோந்து பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிச்சார். "நல்ல தண்ணி கொடுங்க. நெறையக் கொடுங்க. காய்ச்சல் தன்னாலே இறங்கும். உடம்பு வறண்டு போனாத்தான் ஆள் போயிடும்"னார். நல்ல தண்ணிக்கு எங்கே போறது? பாதிரியார் வாரத்துக்கு ஒரு பீப்பாய் வண்டியிலே அனுப்புவார். ஒரு தெருவுக்கு ஒரு பீப்பாய்! நாக்கை நனைக்கக் காணாது.

ஆம்பளைங்க சிலபேர் வாளியோட சுவர் ஏறினாங்க. நாய் விட்டுப் பிடிச்சாங்க. தீர்ப்புச் சொல்ற நாற்காலியிலேயும் ஹோல்ராய்ட்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் ஜெயிலுக்குப் போனாங்க.

இதுலே என் வயித்தெரிச்சல் என்னன்னா, அந்தத் தோப்புக்குக் காவக்காரன் என் கூடப் பிறந்த தம்பி. ஈனாக். எனக்கு அடுத்தவன் அவன், அவனுக்கு அடுத்தவ தர்ஸா. தோப்புக்குள்ளேயே குடிசை. அவன் பிள்ளைங்க நாலும் ஊத்துத் தண்ணி குடிச்சுக் கன்னம் சிவக்கத் திரிஞ்சுதுங்க. ஒரு சொட்டு வெளியே போச்சுன்னா அன்னிக்கே குடிசையைக் காலி பண்ணணும்னு லம்ப் சொல்லி வெச்சிருந்தான்.

தர்ஸா புருஷன் ஈயச் சுரங்கத்துலே செத்துப் போனவன். அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க, ஆறு வயசு பெஸ், நாலு வயசு வில்லி. ரெண்டும் ஒரே சமயத்துலே படுத்துதுங்க. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தினேன். "டேய் ஈனாக்! மனுஷனாடா நீ? ஒரு சொம்புத் தண்ணி கொடுடா இந்தப் பக்கம்!"

அவன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பேசினான். மூஞ்சியைக் காட்டலை. "அக்கா, எனக்கு நாலு இருக்குக்கா."

"தர்ஸாவுக்கு ரெண்டு இருக்கு. இன்னிக்கு இருக்கு."

கொஞ்ச நேரம் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு, காலையிலே நான் ஓட்ஸ் மாவைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். தர்ஸா வந்து வாசல்லே நின்னா. தலைமுடி வாரிக் கட்டியிருந்தது. பிள்ளைங்க படுத்த நாள்லேருந்து அவ தலை வாரினதில்லை.

"வில்லி போயிட்டான்கா"ன்னா.

நான் ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சேன். மாவுக் கையோட. அவ மரம் மாதிரி நின்னா. "அழ வேண்டாம்கா, அழுதா நேரம் போயிடும். பெஸ் இருக்கா. நாக்கு கருத்துப் போச்சு, ஆனா இருக்கா. வில்லியைத் தோப்பு வழியாத் தூக்கிட்டுப் போகணும்."

எனக்குப் புரிஞ்சது. புரியாத மாதிரி நின்னேன். "என்னடி பேசறே? நம்ம பிள்ளைடி அவன்."

"அவனுக்கு இனிமே தண்ணி வேண்டாம். அவளுக்கு வேணும்."

அதுக்கு மேலே நான் என்னத்தைச் சொல்ல? போய் பெக்கியைக் கூட்டிட்டு வந்தேன். ஊர்லே பிறந்தவனையும் செத்தவனையும் முதல்லே தொடுறது அவதான். பெக்கி வில்லியைக் குளிப்பாட்டலை. குளிப்பாட்டத் தண்ணி ஏது? மாட்டுக்கு வெச்சிருந்த மோர்த்தண்ணியிலே துணியை நனைச்சுத் துடைச்சா. துடைச்சுக்கிட்டே முறையைச் சொன்னா. நல்ல பகல்லே போகணும். பத்துப்பேர் பார்க்கணும். சின்னப் பிள்ளைங்கிறதாலே நாலு பொம்பளைங்கதான் தூக்கணும், பெட்டிக்கு அடியிலே வெள்ளைத் துண்டு ரெண்டு கொடுத்து. தோப்புக்குள்ளே காலை வெச்சதுக்கப்புறம், வெளியே போற வரைக்கும் பெட்டி தரையைத் தொடக் கூடாது.

"எல்லாத்துக்கும் மேலே," பெக்கி விரலை நீட்டினா, "யார்கிட்டேயும் உத்தரவு கேட்கக் கூடாது. கொடுத்தாலும் வாங்கக் கூடாது. 'போங்க'ன்னு ஒருத்தன் சொல்லி நாம போனோம்னா, அதோட போச்சு. மறுபடியும் விருந்தாளிதான்."

"லம்ப் எதுக்குப் போங்கன்னு சொல்லப் போறான்? நாயைத்தான் விடுவான்"னேன்.

"விட்டா ரொம்ப நல்லது. உத்தரவு இல்லாமப் போனோம்கிறதுக்கு அதுவே சாட்சி"ன்னா பெக்கி.

எங்க பாதிரியார் ஃபென்விக் தெற்குப் பக்கத்துலேருந்து புதுசா வந்தவர். நல்ல மனுஷன். சாயந்திரம் ஜெபம் பண்ண வந்தவர், நாங்க எந்த வழியாப் போறதுன்னு பேசினதைக் கேட்டுட்டார். தர்ஸா கையைப் பிடிச்சுக்கிட்டு, "கவலைப்படாதேம்மா, நான் இருக்கேன்"னுட்டுப் போனார். எனக்கு அப்பவே மனசுலே ஒண்ணு உறுத்திச்சு. இந்த மனுஷன் எங்கே இருக்கப் போறாருன்னு.

மறுநாள் மதியம் கிளம்பினோம். பெட்டி சின்னது. ஒரு பக்கத் துண்டை நானும் பெக்கியும் பிடிச்சிருந்தோம், மறுபக்கத்தை எங்க தெருப் பொண்ணுங்க ரெண்டு பேர். தர்ஸா முன்னாடி நடந்தா. பெஸ்ஸை பெக்கி மருமக பார்த்துக்கிட்டா. எழுந்து நடக்க முடிஞ்ச ஊர் மொத்தமும் பின்னாடி வந்தது, கையிலே வாளி இல்லாம.

வளைவு திரும்பினோம். கதவு திறந்திருந்தது. ரெண்டு பக்கமும் விரியத் திறந்து, நடுவுலே லம்ப் தொப்பியைக் கையிலே வெச்சுக்கிட்டு நின்னான். கறுப்புக் கோட்டு. பக்கத்துலே சாட்சிக்கு ஒரு குமாஸ்தா. அந்தப் பக்கம் பாதிரியார், முகமெல்லாம் மலர்ச்சி. கண்ணாடி வீட்டுலே வளர்த்த வெள்ளைப் பூவிலே ஒரு வளையம் கூட இருந்தது.

லம்ப் குரலை உசத்தி, எல்லாருக்கும் கேட்கற மாதிரி சொன்னான். "ஹோல்ராய்ட் எசமான் ரொம்ப வருத்தப்பட்டார். இந்தக் குழந்தையோட அடக்கத்துக்கு இன்னிக்கு ஒருநாள் தோப்பு வழியாப் போக அவர் மனப்பூர்வமா உத்தரவு கொடுத்திருக்கார். வாங்க."

ஐயோ, அவன் கண்ணைப் பார்த்திருக்கணும் நீங்க. அவனுக்குத் தெரியும். எங்களை விட நல்லாவே தெரியும்.

தர்ஸா நின்னுட்டா. "நான் கேட்கலையே"ன்னா.

"நான் கேட்டேன்மா, உனக்காக. கேட்டதும் கொடுத்துட்டாங்க. நல்லவங்கதான்"னார் பாதிரியார்.

பாவி மனுஷா! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்தது. பெட்டியைத் தூக்கினவ கையை எடுக்க முடியாது, இல்லைன்னா அங்கேயே அவர் கழுத்துப் பட்டையைப் பிடிச்சிருப்பேன். பெக்கி என் காதுலே, "போச்சுடி"ன்னா. பின்னாடி யாரோ விம்முற சத்தம் கேட்டது. ஒரு வழி பாக்கி இருந்தது எங்களுக்கு. அதையும் அன்பாலே அடைச்சுட்டாங்க.

"ஐயா, நீங்கதானே கேட்டீங்க? நீங்க போங்க"ன்னா தர்ஸா பாதிரியார்கிட்டே.

தர்ஸா திரும்பினா. கதவை விட்டு, சுவர் ஓரமா நடந்தா. நாங்களும் நடந்தோம். பத்தடி தள்ளி சுவர்லே படி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற கல்லு மூணு இருக்கு. சுவர் நிக்கிறதுக்காகக் குறுக்கே கொடுக்கிற கல்லு அது. அதுலே காலை வெச்சு தர்ஸா ஏறினா. மேலே ஏறி உட்கார்ந்து கையை நீட்டினா.

"அவனைக் கொடுங்க."

திறந்த கதவைப் பக்கத்துலே வெச்சுக்கிட்டு, நாங்க அந்தப் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தோம். லம்ப் ஓடி வந்தான். "என்ன இது? கதவு திறந்திருக்கும்மா! உத்தரவு இருக்கு! எங்கே வேணாலும் போங்க, சுவர் மேலேயும் போங்க, எல்லாத்துக்கும் உத்தரவு இருக்கு!"

நாங்க நாலு பேரும் அந்தப் பக்கம் இறங்கிப் பெட்டியை வாங்கித் திரும்பினப்போ, எதிரே ஈனாக். துப்பாக்கி குறுக்கே பிடிச்சிருந்தான். ஒரு வாரமா தூங்காத முகம்.

"விடு ஈனாக்! அவங்களைப் போக விடு!" லம்ப் சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்து கத்தினான்.

ஈனாக் ஒதுங்கப் பார்த்தான். பாவம், எங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சு ஒரு அடி பின்னாலே கூட வெச்சுட்டான். தர்ஸா சுவர்லேருந்து இறங்கி நேரா அவன் முன்னாடி போய் நின்னா.

"அண்ணா, என்னைப் போன்னு சொல்லாதே."

அவன் முழிச்சான்.

"பெஸ் இன்னும் இருக்கா அண்ணா. என்னைப் போன்னு சொல்லாதே. உன் காலைப் பிடிக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவனும் ஸ்கார்பெக்குலே பிறந்தவன்தானே? புரிஞ்சதும் துப்பாக்கியை இறுக்கிப் பிடிச்சான். அப்புறம் காலை அகட்டி நின்னு, தொண்டை கிழியக் கத்தினான். "நில்லு! இந்தப் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது! நான் விட மாட்டேன்!"

"முட்டாளே! உத்தரவு இருக்குன்னு சொல்றேன்லே!"

"ஐயா, என்னை வேலைக்கு வெச்சப்போ நீங்கதான் சொன்னீங்க, சுவர் ஏறி யார் வந்தாலும் விடாதேன்னு. ஏசுவே வந்தாலும் விடாதேன்னீங்க. இவங்க சுவர் ஏறித்தான் வர்றாங்க." அப்புறம் எங்க பக்கம் திரும்பி, "விட மாட்டேன்! திரும்பிப் போங்க!"

சுவர் மேலே தலை தலையா முளைச்சிருந்தது. ஊர் பூரா கேட்டது. தர்ஸா அவன் நெஞ்சுக்கு நேரா நடந்தா. அவன் துப்பாக்கியைக் குறுக்கே பிடிச்சுக்கிட்டே ஒரு அடி பின்னாலே போனான். "விட மாட்டேன்." இன்னொரு அடி. "விட மாட்டேன் தர்ஸா." அப்படியே தோப்பு நெடுக, முதுகு காட்டாம, பின்னாலேயே நடந்துக்கிட்டு, ஒவ்வொரு அடிக்கும் எங்களைத் தடுத்துக்கிட்டே போனான் என் தம்பி. கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது, துடைக்கக் கை இல்லை. அவன் தடுக்கறதை நிறுத்திட்டா எல்லாம் போச்சு. அவனுக்கு அது தெரியும். நாலு பிள்ளைங்களோட குடிசை அந்த ஒவ்வொரு "மாட்டேன்"லேயும் கழண்டு போய்க்கிட்டிருந்தது, அதுவும் தெரியும்.

ஊத்துக்கிட்டே வந்தப்போ சத்தம் கேட்டது. தண்ணி கல்லுலே விழற சத்தம். எத்தனை நாளாச்சு அதைக் கேட்டு! என் நாக்கு மேலண்ணத்துலே ஒட்டியிருந்தது. எனக்கு எதிர்ப்பக்கம் பிடிச்சிருந்த பொண்ணு, காய்ச்சல்லேருந்து எழுந்து ஒரு வாரம்கூட ஆகாதவ, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தா. கால் மடங்கிச்சு. துண்டு அவ கையிலேருந்து நழுவ, பெட்டியோட ஒரு மூலை தரையைப் பார்த்து இறங்கிச்சு.

ஈனாக் துப்பாக்கியைப் போட்டுட்டுப் பாய்ஞ்சு கையை நீட்டினான்.

"தொடாதே!" தர்ஸா போட்ட சத்தத்துலே மரத்துக் காக்காயெல்லாம் கிளம்பிச்சு. "நீ அவங்க ஆளு! தொடாதே!"

அவன் கை அப்படியே நின்னுடுச்சு, அவன் தங்கச்சி பிள்ளை பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி. நான் குனிஞ்சு என் முழங்காலை அடியிலே கொடுத்தேன். முட்டி சதை கிழிஞ்சது. பெட்டி மண்ணைத் தொடலை. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே எழுந்து துண்டைப் பிடிச்சா. நாங்க யாரும் ஊத்துப் பக்கம் திரும்பலை. நின்னு தண்ணி குடிச்சா அது சவ ஊர்வலம் இல்லைன்னு லம்ப் சாதிச்சுடுவான்னு பெக்கி முன்னாடியே சொல்லியிருந்தா.

"விட மாட்டேன்"னான் ஈனாக், குரலே இல்லாம. சர்ச் பக்கம் இருக்கிற மேட்டுக் கதவு வரைக்கும் சொன்னான்.

சர்ச்சுலே பாதிரியார் அடக்க ஜெபம் வாசிச்சார். முடிச்சதும் தர்ஸாகிட்டே வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அவ கேட்கலை. முதல் மண்ணு விழுந்த சத்தத்துக்குக்கூட அவ அழலை. குழி வெட்டுறவரோட வாளி சுவர் ஓரமா இருந்தது. அதை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு மேட்டை விட்டு இறங்கினா, வந்த வழியாவே. ஊர் பின்னாடி ஓடிச்சு. தொப்பி, பாவாடை முனை, பூட்ஸ், கையிலே கிடைச்சதுலே எல்லாம் மொண்டோம். ஈனாக் ஊத்துக்குப் பக்கத்துலே கல்லு மேலே உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி கீழே கிடந்த இடத்துலேயே கிடந்தது. தடுக்கலை. இனிமே தடுக்கறது அவன் வேலை இல்லை, அவன் வேலையே போயாச்சு.

கதவுக்கிட்டே லம்ப் இன்னும் நின்னுக்கிட்டிருந்தான். "கதவு வழியா வாம்மா, தண்ணி சிந்தப் போகுது. எசமான் உத்தரவு"ன்னான். தர்ஸா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாளியை என்கிட்டே கொடுத்துட்டுச் சுவர் ஏறினா.

வீட்டுக்குள்ளே போனப்போ பெஸ் கண்ணு மூடியிருந்தது. உதடு வெடிச்சு ரத்தம் காய்ஞ்சிருந்தது. நான் வாசல்லேயே நின்னுட்டேன். தர்ஸா பிள்ளையைத் தூக்கி நெஞ்சுலே சாய்ச்சு, ஸ்பூன் ஸ்பூனா ஊத்தினா. முதல்லே எல்லாம் வாயோரத்துலே வழிஞ்சது. அப்புறம் தொண்டை அசைஞ்சது. இன்னொரு தடவை. அப்புறம் பெஸ்ஸே கோப்பையைப் பிடிச்சு இழுத்தா.

"குளுகுளுன்னு இருக்கும்மா"ன்னா.

"குடி கண்ணு. குடி."

ரெண்டு வாய் குடிச்சுட்டு, கண்ணைத் திறக்காமலே கோப்பையைத் தள்ளினா. "போதும். வில்லிக்கு வை. அவன் கேட்டுக்கிட்டே இருந்தான்மா, நீ பம்புக்குப் போனப்போ கூடக் கேட்டான்."

அவளுக்கு யாரும் சொல்லலை. காய்ச்சல்லே கிடந்த பிள்ளைகிட்டே எப்படிச் சொல்றது?

"வெச்சிருக்கேன்டி. அவனுக்கு நெறைய வெச்சிருக்கேன். நீ குடி"ன்னா தர்ஸா. குரல் ஆடவே இல்லை. கோப்பை காலியாகற வரைக்கும் ஊத்தினா. பிள்ளையைப் படுக்க வெச்சுப் போர்த்திவிட்டா. என்னைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனா. பெட்டிக்கு அடியிலே கொடுத்த வெள்ளைத் துண்டு அவ இடுப்புலேயே சொருகியிருந்தது. அதை வாயிலே வெச்சு அடைச்சுக்கிட்டு, முட்டி போட்டு மண்ணுலே விழுந்தா.

நான் போய்த் தூக்கினேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளைக்குக் கேட்டுடப் போகுதுன்னு மூச்சுலேயே சொன்னா. "அதுக்குப் பக்கத்துலேதானே போனோம்கா. அவனைத் தூக்கிட்டு அதுக்குப் பக்கத்துலேதானே போனோம். நான் நிக்கலையே. ஒரு சொட்டு எடுத்து அவன் பெட்டி மேலேயாவது வைக்கலையே அக்கா."

பெஸ் பிழைச்சுட்டா. தெருவுலே அதுக்கப்புறம் ஒரு பிள்ளை சாகலை. ஈனாக் குடும்பத்தோட தர்ஸா வீட்டுலேயே வந்து சேர்ந்தான். இப்போ பெஸ்தான் வாளியைத் தூக்கிக்கிட்டுச் சுவர் ஏறுறா. தர்ஸா அந்தத் தண்ணியிலே சமைப்பா, துவைப்பா, வீட்டுக்கு வந்தவங்களுக்கு மொண்டு கொடுப்பா. அவ குடிக்கிறது மட்டும் கூரையிலேருந்து பீப்பாயிலே பிடிச்ச மழைத் தண்ணி.